அம்மைக்குக் கால் வலிக்குமே!

சங்கரன்கோவிலில் இருந்து குருவிகுளம் போகும் டவுன் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூக்கம் இல்லை சார்... பிராணாயாமம்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது பிராணாயாமமும் இல்லை. இடுப்பில் ஒரு கைக்குழந்தை, கையில் ஒரு துணிப்பையோடு ஒரு பெண் ஏறி, நேராக என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன். கண்ணைத் திறந்திருந்தால் எழுந்திருக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் உருண்டதில் இடுப்பு வேறு வலி. ஆகவே கண்ணை மூடி, மூச்சை ஆழமாக உள்ளே இழுத்து, 'உலகமெல்லாம் நன்றாக இருக்கட்டும்' என்று மனசுக்குள் வாழ்த்தினேன்.

உலகத்தை வாழ்த்துவதில் ஒரு சௌகரியம், அது வந்து சீட் கேட்காது!

"இங்ஙன இரு தாயி" என்று முன் சீட்டில் ஒரு குரல். அரைக்கண் திறந்து பார்த்தேன். முழங்கால் வரை கரிசல் மண் அப்பிய, தோளில் அழுக்குத் துண்டு போட்ட ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் எந்த யோகா வகுப்பின் வாசலையும் மிதித்திருக்க மாட்டார். நான் சென்னையில் எட்டு மாதம் ஃபீஸ் கட்டி மிதித்திருக்கிறேன்!

நான் யோகா கற்கப் போனது ஞானம் தேடி இல்லை. முதுகு வலி தேடி வந்ததால். பி.காம். படித்துவிட்டு, பகலில் நாலு கடைக்குக் கணக்கு எழுதிக்கொண்டு, ராத்திரியில் இந்த மாதிரி கட்டுரை எழுதிக்கொண்டு, எப்போதும் ஒரு நாற்காலியிலேயே குடித்தனம் நடத்தும் ஜாதி நான். டாக்டர் "யோகா பண்ணுங்க" என்றார். போனேன்.

முதல் வாரமே மாஸ்டர் ஒரு விஷயம் சொன்னார். "பதஞ்சலி முனிவர் எழுதிய யோக சூத்திரங்கள் ஏறக்குறைய இருநூறு. அதில் ஆசனத்துக்கு என்று ஒதுக்கியது எத்தனை தெரியுமா? மூன்று!" என்றார். அப்படியானால் மிச்சமெல்லாம்? மனசு சார், மனசு! எட்டுப் படிகளில் ஆசனம் மூன்றாவது படி. முதல் படி இயமம். அதிலும் முதலாவது அகிம்சை. காலை மடக்குவதற்கு முன்னால் கையை ஓங்காமல் இருக்கப் பழக வேண்டும் என்பது கணக்கு.

மனசு தெளிய அவர் ஒரு நான்கு அம்சத் திட்டமும் கொடுத்திருக்கிறார். ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். பக்கத்து மேஜைக்காரர் சந்தோஷமாக இருக்கிறார், புது வீடு கட்டிவிட்டார்... வயிறு எரியாமல் நட்போடு இருங்கள், அது மைத்ரி. இன்னொருவர் வேலை போய் நிற்கிறார்... இரங்குங்கள், அது கருணை. ஒருவர் லஞ்சம் வாங்காமல் நல்ல பெயர் எடுக்கிறார்... 'பிழைக்கத் தெரியாதவன்' என்காமல் மகிழுங்கள்; அது முதிதை. கடைசியாக, கோள் சொல்லியே பிரமோஷன் வாங்கியவர்... அவரைப் பற்றி கேன்டீனில் அரை மணி நேரம் பேசாமல் விலகிப் போங்கள், அது உபேக்ஷை. நாலையும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் செய்து முடித்தவர் இருந்தால் எனக்குக் கடிதம் போடுங்கள்!

நானோ எட்டு மாதத்தில் சிரசாசனம் வரை வந்துவிட்டேன். கூடவே ஒரு மமதையும் வந்துவிட்டது. ஆட்டோவில் கத்துகிறவர்களைப் பார்த்தால் 'பாவம், மூச்சுப் பயிற்சி தெரியாதவர்கள்' என்று ஒரு புன்னகை. இது எனக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்தேன். இல்லையாம். 2018-ல் ஜெர்மனியில் யோகா மாணவர்கள் 93 பேரை 15 வாரம் கவனித்திருக்கிறார்கள். யோகா செய்த கையோடு கேட்டபோது, அவர்களுக்குத் தங்களைப் பற்றிய மதிப்பு குறையவில்லை. 'மற்றவர்களைவிட நான் மேல்' என்ற நினைப்பு கூடியிருந்ததாம்!

அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். இன்னொரு ஆராய்ச்சியும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் 2013-ல் வெளியிட்டது. காத்திருக்கும் அறையில் மூன்றே நாற்காலி. இரண்டில் 'செட்டப்' ஆட்கள். மூன்றாவதில் நம் ஆள். அப்போது ஒரு பெண் கவட்டுக்கட்டை ஊன்றி, வலியோடு வந்து நிற்பார். செட்டப் ஆட்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். நம் ஆள் எழுந்திருப்பாரா? தியானம் பழகாதவர்களில் 100-க்கு 16 பேர்தான் எழுந்தார்கள். எட்டு வாரம் தியானம் பழகியவர்களில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஆட்கள் குறைவான சின்ன ஆராய்ச்சிதான். ஆனாலும் குருவிகுளம் பஸ்ஸில் அதை நினைத்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் எழுந்திருக்காத அந்த இன்னொரு பாதி!

குருவிகுளம் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கழுகுமலைக்குப் போகிற பக்கம். ஊராட்சி ஒன்றியத்தின் தலைநகரம். 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டம். அதன் பிறகு தென்காசி மாவட்டம். சுற்றிலும் கரிசல் பூமி. மழை பெய்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும் மண். பருத்தியும் உளுந்தும் சோளமும் மிளகாயும் வானத்தைப் பார்த்து விளையும் ஊர்கள். பெயரில் குருவி இருக்கிறதே என்று மரத்தை எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு காக்கா. அடுத்தது, வாசலில் நின்றுகொண்டிருந்த என் பெரியம்மா.

"வாய்யா... என்னய்யா, வத்தல் மாதிரி இருக்க? மெட்ராஸ்ல சோறு போட மாட்டாகளா?"

பெரியம்மாவைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொன்னால் பாதிப் பொய். மூன்று வருஷத்துக்கு முன் பெரியம்மா மகன், அதாவது என் அண்ணன், நாற்பதாயிரம் ரூபாய் கைமாற்று வாங்கினார். 'பருத்தி எடுத்ததும் தந்துருதேன் தம்பி' என்றார். பருத்தி மூன்று தடவை எடுத்தாயிற்று. பணத்தைக் காணோம். காமர்ஸ் மூளை சும்மா இருக்குமா? முதல் வருஷம் 'வர வேண்டிய கடன்' என்று எழுதினேன். இரண்டாம் வருஷம் 'சந்தேகத்துக்குரிய கடன்'. மூன்றாம் வருஷம் அண்ணனின் போன் நம்பரையே பிளாக் செய்துவிட்டேன். நேரில் கேட்டு 'ஐந்தொகை'யை நேர் செய்யலாம் என்றுதான் இந்தப் பயணம்.

அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். கையில் கம்பு. இடது காலை இழுத்து இழுத்து.

"என்னண்ணே இது?"

"ஆறு மாசம் ஆச்சு தம்பி. லாரியில பருத்தித் தாட்டு ஏத்தும்போது வழுக்கிட்டு. காலுக்குள்ள கம்பி வச்சிருக்கு. ஆஸ்பத்திரியில இருந்து ஒனக்கு ரெண்டு தடவை அடிச்சேன். லைனே கிடைக்கல."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. டவர் கிடைக்காததைச் சொல்வது போலச் சொன்னார். எனக்குத்தான் தொண்டையில் எதுவோ அடைத்தது. அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எனக்கு அடித்துக்கொண்டிருந்த அந்தக் காலையிலும், நான் பாயை விரித்து உலகத்தை வாழ்த்திக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

மறுநாள் விடிகாலை மொட்டை மாடியில் வழக்கம்போல விருட்சாசனம் போட்டேன். ஒற்றைக் காலில் நின்று, மறு பாதத்தைத் தொடையில் வைத்து, கையை மேலே கூப்புவது. பெரியம்மா ஒரு மண் சட்டியில் தண்ணீரோடு ஏறி வந்தாள். அதைக் கைப்பிடிச் சுவரின் மூலையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு கைப்பிடி கம்பு தூவினாள். தினசரி வேலையாம், குருவி வந்தாலும் சரி, காக்கா வந்தாலும் சரி. பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏ ஐயா, என்ன கோமதி அம்மை மாதிரி ஒத்தக்கால்ல நிக்க?"

சங்கரன்கோவில் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்களுக்குள் சண்டை. அன்னை கோமதி தவம் இருந்து, 'இருவரும் ஒருவரே' என்று காட்டச் சொல்லி இறைவனை வேண்ட, பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் தரிசனம் கொடுத்தார். அதுதான் ஆடித் தபசு. பன்னிரண்டு நாள் திருவிழா. யோசித்துப் பாருங்கள். 'என் கட்சி, உன் கட்சி' என்று இரண்டு பேர் அடித்துக்கொண்டதற்கு, சம்பந்தமே இல்லாத ஒரு பெண் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள்!

"கொடி ஏறிட்டுல்லா? சாயங்காலம் சுத்தப் போறேன். நீயும் வா" என்றாள் பெரியம்மா.

"என்ன சுத்து?"

"ஆடிச் சுத்துய்யா. கோயிலைச் சுத்தணும். அம்மை ஒத்தக்கால்ல நிக்கால்லா? கால் வலிக்குமே! நாம சுத்துனா அந்த வலியில கொஞ்சம் நமக்கு வந்துரும். அவளுக்குக் குறையும்லா."

காலை இறக்கிவிட்டேன். எட்டு மாதமாக 'என் பேலன்ஸ், என் மூச்சு, என் முதுகு' என்று நின்றுகொண்டிருக்கிறேன். இவளோ, சாமிக்குக் கால் வலிக்குமே என்று கவலைப்பட்டு, அந்த வலியை வாங்கிக்கொள்ள நடக்கிறாள். வரம் கேட்கத்தானே சாமியைச் சுற்றுவோம்? இங்கே நடப்பது நேர்மாறான கொடுக்கல் வாங்கல்!

சாயங்காலத்துக்கு நேரம் இருந்தது. அண்ணனைப் பின்னால் உட்கார வைத்து அவருடைய வண்டியில் கழுகுமலைக்குப் போனேன். பக்கம்தான், ஆனால் தூத்துக்குடி மாவட்டம். அண்ணனால் ஏற முடியாது. "நீ பாத்துட்டு வா தம்பி" என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயில் பிரசித்தம். எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். அதற்கும் அந்தப் பக்கம் பாறைச் சுவரில் வரிசை வரிசையாக சமண தீர்த்தங்கரர்கள். எல்லோரும் அசையாமல் பத்மாசனத்தில், கை மேல் கை வைத்து. ஆண் துறவிகளோடு பெண் துறவிகளும் இங்கே ஆசிரியர்களாக இருந்து பாடம் சொன்னதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன.

ஒரு சிற்பத்தின் முன்னால் அதிக நேரம் நின்றேன். பார்சுவநாதர் நின்ற நிலையில் தியானத்தில் இருக்கிறார். மேலே ஒருவன் பெரிய பாறையைத் தூக்கிப் போட வருகிறான். பழைய பகைவன் கமடன். தலைக்கு மேல் நாகராஜன் படம் எடுத்துக் காக்கிறான். அதே கமடன் கீழே காலடியில் பணிந்து கிடக்கிறான். ஒரே கல்லில் இரண்டு காட்சி. நடுவில் நிற்பவர் முகத்தில் மட்டும் முதல் காட்சிக்கும் இரண்டாம் காட்சிக்கும் வித்தியாசமே இல்லை. கல் விழும்போதும் கோபம் இல்லை. காலில் விழும்போதும் கர்வம் இல்லை. அகிம்சையில் ஊன்றி நிற்பவன் முன்னால் பகை தானாக விழும் என்று பதஞ்சலியும் சொல்கிறார். இங்கே அதைச் சிற்பமாகச் செதுக்கியே வைத்துவிட்டார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் முடியாது என்கிறீர்களா? சரி, கிட்டத்து வழி சொல்கிறேன். திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்பு யோகத்தைத் தமிழில் சொல்லியிருக்கிறார். அவருடைய இயமப் பட்டியல் கொல்லாமையில் ஆரம்பிக்கிறது. அதில் ஒன்று, பகுத்து உண்பது. அதாவது டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதும் யோகத்தின் முதல் படி! பெரியம்மாவின் ஒரு கைப்பிடி கம்பும் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

இன்னும் கிட்டத்தில் வேதாத்திரி மகரிஷி. கூடுவாஞ்சேரியில் 1911-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறியில் உட்கார்ந்து, ஜவுளித் தொழிலும் செய்தவர். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கம், 1984-ல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயில், 2006-ல் மறைந்தார். அவருடைய மனவளக்கலையில் தியானம் முடித்ததும் வாழ்த்து உண்டு. தன்னில் தொடங்கி, குடும்பம், உடன்பிறந்தோர், நண்பர்கள், தொழிலில் கூட இருப்போர் என்று விரிந்து, நமக்குத் தீங்கு செய்தவர் என்று நினைப்பவரையும் 'வாழ்க வளமுடன்' என்று வாழ்த்திவிட்டுத்தான் உலகத்துக்குப் போக வேண்டும். யார் யார் மேல் கோபம் என்று பேப்பரில் எழுதி, ஒவ்வொருவராகத் தீர்க்கும் சினம் தவிர்த்தல் பயிற்சியும் உண்டு. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், அண்ணன் வரும் இடத்தைத் தாண்டிக் குதித்து நேரே உலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். கணக்கில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு 'டேலி ஆயிருச்சு' என்று சொல்வது போல!

இறங்கி வந்து டீக்கடையில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பணத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை. "ராத்திரி வலிக்குதா அண்ணே?" என்று கேட்டேன். ஆறு மாதத்து வலியை அரை மணி நேரம் சொன்னார். எனக்கு வேலை, கேட்பது மட்டும்தான். எந்த ஆசனத்திலும் நான் அவ்வளவு நேரம் ஆடாமல் உட்கார்ந்ததில்லை.

சாயங்காலம் சங்கரன்கோவில். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரியம்மாவோடு நடந்தேன். எங்களுக்கு முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கில் பெண்கள். 51, 101 என்று ஆளுக்கொரு எண்ணிக்கை. ஏழாவது சுற்றில் எனக்குக் குதிகால் எரிந்தது. பதினொன்றில் நின்றேவிட்டேன்.

"பெரியம்மா, உங்க கால் வலிக்கலையா?"

"வலிக்கத்தானே சுத்துதோம்!" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அம்மைக்குப் பாதி, எம் மகன் காலுக்குப் பாதின்னு நேந்திருக்கேன். நேத்து ஒனக்கும் பதினொண்ணு சேத்துட்டேன். முதுகு வலின்னியே..."

அவள் கணக்கில் நான் இருக்கிறேன். நாற்பதாயிரம் கேட்க வந்தவன் என்று தெரிந்தும் இருக்கிறேன். பதில் சொல்ல வாய் வரவில்லை. மறுபடி நடக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் கிளம்பும்போது அண்ணன் சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து நீட்டினார். "ரெண்டாயிரம் இருக்கு தம்பி. மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா..."

'ஐயோ, வேண்டாம்ணே, எல்லாம் தள்ளுபடி!' என்று சொல்ல நாக்கு துடித்தது. என்ன அருமையான வசனம்! ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்றால் நான் பெரிய மனுஷன் ஆகிவிடுவேன். அவர் சின்ன மனுஷன் ஆகிவிடுவார். அந்த 93 பேரோடு நான் 94 ஆகிவிடுவேன். வாங்கிக்கொண்டேன். "மெதுவாக் குடுங்கண்ணே. கால் ஆறட்டும் முதல்ல" என்றேன். அவர் நிமிர்ந்து நின்றார், கம்பு ஊன்றியபடியே. அங்கேயே, அவர் கண் முன்னாலேயே, அவர் நம்பருக்குப் போட்டிருந்த பூட்டை எடுத்துவிட்டேன். "டவர் கோளாறுண்ணே" என்றேன். அவர் சிரித்தார். அவருக்குத் தெரியும்.

திரும்பும் பஸ்ஸிலும் எனக்கு ஜன்னலோர சீட்தான் கிடைத்தது. இரண்டாவது ஸ்டாப்பில் ஒரு தாத்தா தள்ளாடி ஏறினார். பாஸ்டன் ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பது போல விருட்டென்று எழுந்தேன்.

"உக்காருங்க தாத்தா!"

"வேண்டாம்யா. அடுத்த ஸ்டாப்பு எறங்கணும். நீ உக்காரு, நொண்டி நொண்டில்ல நிக்க..."

பதினொன்றுக்கு மேல் சுற்றியதில் குதிகால் வீங்கியிருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணை மட்டும் மூடவில்லை.